முகமறியாதவர்க்கு எழுதிய மடல்கள்

முகமறியாத ஒருவருக்கு எழுதப்பட்ட மடல் ஒன்று தென்காசியில் கல்லில் இருக்கிறது. காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் கோயில் பழுதுற்றால் அதைத் திருத்துவோர் யாராயினும் அவர் பாதம் பணிவதாகப் பொறித்துவைத்தான். சிதைந்து கிடந்த கோபுரம் 1990இல் மீண்டும் எழுந்தது. மன்னன் பொன்னோ பொருளோ தருவதாகச் சொல்லவில்லை. சொன்னதையும் ஊரறியச் சொன்னான்.

இதற்கு நேரெதிரான மடல் மரபும் ஒன்றுண்டு. பாரிஸ் நகரத் துப்பறியும் படையின் தலைவராயிருந்த விடோக், 1828இல் வெளிவரத் தொடங்கிய தம் நினைவுக் குறிப்புகளில் அதை விவரிக்கிறார். சிறைக் கைதிகள் செல்வந்தர்களின் முகவரிகளைத் திரட்டிக் கடிதம் எழுதுவார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்கு அஞ்சி ஓடிய பிரபுவின் பணியாள் நான், வழியில் நகைப்பெட்டியை ஒளித்துவைத்தோம், அதை மீட்கச் சிறு தொகை தேவை என்று கதை விரியும். நூறு கடிதங்களில் இருபதுக்குப் பதில் வரும் என்கிறார் விடோக்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கதை 'ஸ்பானியக் கைதி' என்று பெயர் பெற்றது. 1980களில் நைஜீரியாவிலிருந்து தபாலிலும் பின்னர் தொலைநகலிலும் வந்தது. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவே அதன் பெயராயிற்று. மின்னஞ்சல் வந்தபின் தபால்தலைச் செலவும் இல்லை. மறைந்த தளபதியின் விதவையும் லண்டன் லாட்டரியும் நம் ஊர் இணைய மையங்கள் வரை வந்து சேர்ந்தன.

ஏமாறுபவர் எல்லாரும் விவரமற்றவர் என்று எண்ணுவது தவறு. 1995க்கும் 1998க்கும் இடையில் பிரேசில் நாட்டு வங்கியொன்றின் உயரதிகாரி, கட்டப்படாத ஒரு நைஜீரிய விமான நிலையத்தை நம்பி 24 கோடி டாலருக்கு மேல் அனுப்பினார்.

இம்மோசடியின் உண்மையான பலம் பேராசையில் மட்டும் இல்லை, இரகசியத்தில் இருக்கிறது. கணக்கில் வராத பணத்தைக் கடத்த உதவு என்று அழைப்பதால், இசைந்தவர் தம்மையும் குற்றவாளியாகக் கருதத் தொடங்குகிறார். பறிகொடுத்தபின் வாய் திறப்பதில்லை. தமிழகத்தில் கோபுரக் கலசத்து இரிடியத்தின் பெயரால் நடக்கும் மோசடியும் இத்தகையதே. வெளிநாட்டில் விற்ற பணம் ரிசர்வ் வங்கியில் காத்திருக்கிறது, அதை விடுவிக்க முன்பணம் கொடு என்பார்கள். ரிசர்வ் வங்கி தனிமனிதர் எவருக்கும் கணக்கு வைத்திருப்பதில்லை என்று பலமுறை அறிவித்துவிட்டது.

திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில், நகைகள் பூண்டு திரும்பும் சிங்கியிடம் சிங்கன் ஒவ்வொன்றாகச் சுட்டி இது என்ன என்று கேட்கிறான். எந்த நாட்டில் குறி சொல்லிப் பெற்றது என்று அவளும் சளைக்காமல் கணக்குச் சொல்கிறாள். புதையல் மடலிடமும் இப்படித்தான் கேட்க வேண்டும். இந்தப் பணம் யாருடையது? கோடிக்கணக்கில் தர இருப்பவர் சில ஆயிரத்தை ஏன் முன்னதாகக் கேட்கிறார், அக்கட்டணத்தை ஏன் அத்தொகையிலேயே கழித்துக்கொள்ளவில்லை? அதிகாரி என்பவர் ஏன் இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து எழுதுகிறார்? வீட்டாரிடம்கூட ஏன் சொல்லக் கூடாது?

பணம் போயிருந்தால் நேரமே முக்கியம். 1930 என்ற எண்ணை உடனே அழைத்தால், தொகை கைமாறுவதற்குள் வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்புண்டு. மத்திய உள்துறையின் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் எழுதலாம். 2019இல் தென்காசி தனி மாவட்டமானதால், மாவட்டக் காவல் அலுவலகத்துக்குத் திருநெல்வேலி வரை போக வேண்டியதில்லை. மின்னஞ்சலை அழித்துவிடாமல் பணம் அனுப்பிய ரசீதுகளோடு கொடுப்பது அவசியம். பணம் அனுப்பாதவரும் புகார் செய்யலாம்; அடுத்த முகவரிக்காரர் தப்பக்கூடும்.

தனியே படிக்கச் சொல்லும் மடலை நாலு பேர் முன்னிலையில் உரக்கப் படித்துப் பார்ப்பது நல்லது. பாண்டியன் எழுதியது கோயிலுக்கு வருவோர் அனைவரும் படிப்பதற்காகத்தான்.