மார்சேல்ஸ் துறைமுகத்தில் டக்ளஸ்

1887ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பாரிசிலிருந்து ரோம் நகர் நோக்கிப் புறப்பட்ட கணவனும் மனைவியும் இடைவழியில் மத்தியதரைக் கடலோரத்து மார்சேல்ஸ் துறைமுகத்தில் தங்கினர். கணவர் கறுப்பர்; மனைவி எலன் வெள்ளையர். எழுபதை நெருங்கிக் கொண்டிருந்த அம்முதியவரே அமெரிக்க அடிமை ஒழிப்பு இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான பிரெடரிக் டக்ளஸ்.

பயணத்தின் நடுவே ஓர் ஊரில் இராத் தங்குவது பிறர்க்குச் சிறு செய்தி. 1917இல் பரோடாவில் தடியேந்தி வந்தோர் அண்ணல் அம்பேத்கரைப் பார்சி விடுதியினின்று வெளியேற்றியதை அறிந்த நம் இளைஞர்க்கு அது சிறு செய்தியாகத் தோன்றாது. டக்ளசும் அத்தகைய வழிகளைக் கடந்து வந்தவரே. 1818இல் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தார், 1838இல் தப்பினார். 1841இல் மாசசூசெட்ஸ் ரயிலில் வெள்ளையர் பெட்டியை விட்டு எழ மறுத்து இருக்கையைப் பற்றிக்கொண்டபோது, இருக்கையோடு சேர்த்துப் பெயர்த்து அவரை வெளியே தள்ளினர். 1845இல் இங்கிலாந்து செல்லக் காம்பிரியா என்னும் கப்பலில் ஏறியபோது, நிறத்தைக் காட்டி முதல் வகுப்பு அறையை மறுத்தனர்.

பிரான்சைக் காணும் ஆசையும் அன்று தோன்றியதன்று. 1859இன் இறுதியில் மீண்டும் இங்கிலாந்தில் இருந்தபோது, லண்டனிலிருந்த அமெரிக்கத் தூதரிடம் அதற்காகக் கடவுச்சீட்டு கேட்டார். நீர் அமெரிக்கக் குடிமகன் அல்லர் என்று தூதர் மறுத்துவிட்டார். கறுப்பர் குடிமக்களாக இயலாதென்று 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்திருந்த காலம் அது. பிரெஞ்சுத் தூதரகம் இசைவு தந்தது. ஆயினும் 1860 மார்ச்சில் இளைய மகள் ஆனி இறந்த செய்தி வரவே, பிரான்சைக் காணாமலே தாயகம் திரும்பினார். சொந்த நாட்டுத் தூதர் அடைத்த வழியில் அவர் நடப்பதற்கு இருபத்தாறு ஆண்டுகள் ஆயின!

மார்சேல்சில் அவர் முதலில் காண விழைந்தது இஃப் கோட்டையை. ஒரு காலையில் துறைமுகத்தில் படகொன்றை வாடகைக்கு அமர்த்தினார். முதிய படகோட்டி ஒருவர் துடுப்பு வலித்துச் சென்றார். பதினாறாம் நூற்றாண்டில் முதலாம் பிரான்சிஸ் மன்னன் கட்டிய அத்தீவுக் கோட்டை பின்னர்ச் சிறையாயிற்று. அதற்கு உலகப் புகழ் தேடித் தந்தது அலெக்சாந்தர் டூமாவின் 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' என்னும் நாவலாகும். பொய்க் குற்றச்சாட்டால் பதினான்கு ஆண்டுகள் அங்கே அடைபட்ட மாலுமி தாந்தேசுக்கு, பக்கத்து அறைக் கைதியான முதிய பாதிரியார் மொழிகளும் கணிதமும் வரலாறும் கற்பிக்கிறார். பால்டிமோரில் எசமானி தொடங்கிய எழுத்துப் பாடத்தை எசமானன் தடுத்தபின், தெருவிலிருந்த ஏழை வெள்ளைச் சிறுவர்க்கு ரொட்டி கொடுத்துப் படிக்கக் கற்றவர் டக்ளஸ். அவர் அந்தச் சிறையைப் பார்க்கச் சென்றதில் வியப்பென்ன?

டூமாவின் பாட்டியும் அடிமைப் பெண்ணே. இன்று ஹெய்ட்டி எனப்படும் நாட்டில் அவருக்குப் பிறந்த மகன் பிரெஞ்சுப் படையில் தளபதியானார். அத்தளபதியின் மகனே இந்த எழுத்தாளர். எனினும் டக்ளசுக்கு அவர்மீது மனக்குறை உண்டு. சில வாரங்களுக்கு முன் பாரிசிலிருந்து எழுதிய கடிதத்தில், வெள்ளையரான விக்டர் யூகோ அடிமைகளுக்காகப் பேசினார், கறுப்புக் குருதி ஓடிய டூமாவோ அவ்வளவு ஆற்றல் இருந்தும் வாய் திறக்கவில்லை என்று வருந்தியிருக்கிறார். இது முற்றும் சரியன்று என்பது நம் கருத்து. 1843இல் டூமா எழுதிய 'ழார்ழ்' என்னும் நாவல் மொரீசியசின் நிறவெறியையும் அடிமைக் கிளர்ச்சியையும் பற்றியதே. ஆனால் அக்குறையின் வேதனையை நாம் அறிவோம். படித்துப் பதவி பெற்றபின் சேரிப்பக்கம் திரும்பாதவர்களைப் பற்றி நம் கூட்டங்களில் எழும் குறையும் அதுவேயன்றோ?

அத்தனை குறையோடும் படகேறிச் சென்றார் டக்ளஸ். 1892இல் விரித்து வெளியிட்ட தம் வரலாற்று நூலில் அத்தீவைப் பற்றி எழுதுகையில், அங்கே தம்மை ஈர்த்தது டூமாவின் மேதைமையே என்று ஒப்புக்கொள்கிறார். மார்சேல்சை விட்டு மனைவியுடன் நீஸ் வழியாக இத்தாலிக்குச் சென்றார்.