இரும்புக் கட்டிகளின் கணக்கு

துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் நான். எந்தக் கப்பலைப் பற்றிப் படித்தாலும் அடிப்பாரமாக என்ன ஏற்றினார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். போதிய பாரம் இல்லாத கப்பல் காற்றுக்குக் கவிழ்ந்துவிடும். இப்போது தொட்டிகளில் கடல்நீரை நிரப்புகிறோம். பாய்மரக் காலத்தில் கல், மணல், இரும்பு.

'சாவோ ஜோசே' என்ற போர்த்துகீசியக் கப்பல் 1794 ஏப்ரலில் லிஸ்பனிலிருந்து மொசாம்பிக்குக்குக் கிளம்பியது. லிஸ்பன் சரக்கு ஏட்டின்படி அதில் ஏற்றிய பொருள்களில் சுமார் 1,400 இரும்புக் கட்டிகள். மொசாம்பிக்கில் 500க்கும் மேற்பட்ட அடிமைகளை அடைத்துக்கொண்டு பிரேசிலுக்குப் போகும் வழியில், டிசம்பர் 27 அன்று கேப் டவுன் கரையோரப் பாறையில் மோதி உடைந்தது.

1980களில் புதையல் வேட்டைக்காரர்கள் கண்ணில் இது பட்டது. ஏதோ பழைய டச்சுக் கப்பல் என்று முடிவுகட்டினார்கள். பொன்னைத் தேடி வந்தவர்களுக்கு இரும்பு எதற்கு? பல ஆண்டுகள் கழித்து கேப் டவுன் ஆவணக் காப்பகத்தில் கேப்டனின் வாக்குமூலம் ஆய்வாளர்களிடம் அகப்பட்டது. கடலடியில் இரும்புக் கட்டிகளும் கிடைத்தன. லிஸ்பன் ஏட்டில் இருந்தது அதே இரும்பு.

மூட்டைச் சரக்கு கிடந்த இடத்தில் கிடக்கும். மனிதர்கள் அப்படியல்ல. அடைக்கும் இடத்துக்கு எடை போதாது; புரளுவார்கள், வழியில் சாவார்கள், சாகச் சாகப் பாரம் குறையும். அதை ஈடுகட்டத்தான் இரும்பு. மொசாம்பிக்கில் ஒருவரைக்கூட வாங்கும் முன்பே லிஸ்பனில் இந்தக் கணக்கை ஒருவன் போட்டிருக்கிறான். என் தொழில்காரன்தான் அவனும். இதை எழுதும்போது கூசுகிறது.

ஃபுளோரிடா கடலில் 1700இல் மூழ்கிய 'ஹென்ரியட்டா மேரி' என்ற அடிமைக் கப்பலிலிருந்து 80க்கும் மேற்பட்ட கைகால் விலங்குகளை எடுத்திருக்கிறார்கள். சில அளவில் மிகச் சிறியவை. விலங்கைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். எனக்கோ கட்டிகள்தான் கொடியவை. விலங்கு பூட்டியவனுக்காவது எதிரே நிற்பவன் முகம் தெரிந்திருக்கும். கட்டிக்குக் கணக்கெழுதியவனுக்கு அதுவும் தேவைப்படவில்லை.

சாவோ ஜோசே உடைந்தபோது கேப்டனும் மாலுமிகளும் கரையேறினார்கள். அடிமைகளில் 200க்கும் மேற்பட்டோர் மூழ்கினர். பிழைத்தவர்களைச் சில நாளிலேயே கேப் டவுனில் விற்றுவிட்டார்கள்.