நீள்வட்டத்தின் சுற்றளவு

பழனி மலைத்தொடரிலுள்ள தாண்டிக்குடியில் பெருங்கற்காலக் கல்வட்டங்கள் உள்ளன. வட்டத்தின் ஆரம் தெரிந்தால் சுற்றளவையும் பரப்பையும் பள்ளி மாணவனே கூறிவிடுவான். அவ்வட்டம் சற்றே நசுங்கி நீள்வட்டமானால்? பரப்பில் இடரில்லை, இரு அரையச்சுகளையும் பையையும் பெருக்கினால் போதும். சுற்றளவுக்கோ அத்தகைய வாய்பாடு இல்லை. இன்னும் எவரும் கண்டறியவில்லை என்பதன்று. இருக்கவே முடியாது என்பது நிறுவப்பட்ட உண்மை.

வளைந்த உருவங்களை நுண்கூறுகளாக்கிக் கூட்டும் கலையில் நம் முன்னோர் பங்கு பெரிது. பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம் (965 – ஏறத்தாழ 1040) எண்களின் நான்காம் அடுக்குகளைக் கூட்டும் விதியைக் கண்டார். பரவளையத்தை அதன் அச்சுக்குச் செங்குத்தான நாணைச் சுற்றிச் சுழற்றினால் எழும் திண்மம், அதைச் சூழ்ந்த உருளையில் 15இல் 8 பங்கு என்று அதனைக் கொண்டு நிறுவினார். இதனாலேயே நுண்கணிதம் அவருடையது என எழுதுவோர் நம்மிடையே உண்டு. அது மிகை, அவர் உண்மையில் செய்ததே அவரது பெருமைக்குப் போதுமானது. முழு எண் அடுக்குகள் மட்டும் வரும் கூட்டலுக்கு விடை எப்போதும் உண்டு. நீள்வட்ட வில்லிலோ வர்க்கமூலத்தினுள் நான்காம்படிக் கோவை வந்து நிற்கிறது.

1833இல் பிரான்சின் ஜோசப் லியூவில் இத்தடையை விளக்கினார். அடுக்குகள், மூலங்கள், மடக்கைகள், அடுக்குக்குறிச் சார்புகள், முக்கோணவியல் சார்புகள் ஆகியவற்றின் முடிவுள்ள சேர்க்கைகளே அடிப்படைச் சார்புகள். தொகையீடு அவற்றுள் ஒன்றாயின், அதை வகையிட்டால் தொடக்கக் கோவையே மீள வேண்டும். அடுக்குக்குறிச் சார்பை வகையிட்டாலும் அது மறைவதில்லை, மூலமும் அவ்வாறே. (முக்கோணவியல் சார்புகளைக் கலப்பெண்கள் வழியே இவ்வினத்தில் அடக்கிவிடலாம்.) மாறிலியால் பெருகித் தனித்து நிற்கும் மடக்கை மட்டுமே சுவடின்றி மறையும். ஆகவே தொகையீட்டில் புதிதாக நுழையத்தக்கது அதுவொன்றே. விடையின் வடிவம் இவ்வளவு குறுகிவிடவே, சோதித்துப் பார்க்க இயல்கிறது. நீள்வட்ட வில் அச்சோதனையில் தேறுவதில்லை. முழுச் சுற்றளவும் அச்சுகளின் அடிப்படைச் சார்பாகாது என்பதை 1840இல் அவரே காட்டினார்.

எஞ்சுவது தோராயம். கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன், பையின் தோராயங்கள் பற்றிய தமது 1914ஆம் ஆண்டுக் கட்டுரையின் இறுதியில் ஒரு விதியைத் தந்தார். அரையச்சுகள் அ, ஆ எனில், அவற்றின் கூட்டுத்தொகையின் மும்மடங்கிலிருந்து (3அ + ஆ), (அ + 3ஆ) இரண்டின் பெருக்கத்தினது வர்க்கமூலத்தைக் கழித்துப் பையால் பெருக்க வேண்டும். 5, 3 மீட்டர் அரையச்சுகளுக்கு இது 25.526986 மீட்டர் தருகிறது, உண்மை 25.526999. வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 80இல் ஒரு பங்கு! அனுபவமுறையில் பெற்றதென்றே அவர் குறித்தார், நிறுவல் தரவில்லை. நீள்வட்டம் மேலும் தட்டையாகத் தட்டையாகப் பிழை வளரும். ஓர் அச்சு முற்றிலும் சுருங்கிக் கோடாகிவிட்டால், மற்ற அரையச்சின் 4 மடங்காக வேண்டிய சுற்றளவை அவ்விதி 3.983 மடங்கு என்கிறது.