சீனி வருத்தம்

இலங்கைப் பேச்சில் ‘வருத்தம்’ துயரத்தை மட்டுமன்றி நோயையும் குறிக்குமாதலின், நுவரெலியா, ஹட்டன் தோட்டப்பகுதிகளிலும் கேட்கும் ‘சீனி வருத்தம்’ என்பது ஏட்டுத்தமிழின் நீரிழிவே ஆகும். நீரிழிவு என்பதில் நீர் சிறுநீரையும், ‘இழிதல்’ கீழ்நோக்கி வழிதலையும் சுட்டுவதால், அச்சொல் தாழ்வு எதனையும் குறியாது, சிறுநீர் மிகுந்து கழியும் அறிகுறியையே பெயராக்கியது. ‘சலரோகம்’ என்பதும் அவ்வழியதே. பேச்சுவழக்கோ குருதியிலுள்ள சர்க்கரையைப் பற்றிக்கொண்டது. இவ்விருவகைப் பெயர்களும் ஒன்றையொன்று விளக்குவன. ஏனெனில் ஒரு டெசிலீற்றர் குருதியில் குளுக்கோசு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது, சிறுநீரகம் அதனை முழுதும் மீட்க இயலாமல் வெளியேற்ற, அது நீரையும் உடன் இழுத்துச் செல்கிறது.

சீன நாட்டுப் பெயரிலிருந்து வந்த ‘சீனி’ ஒரு மயக்கத்தையும் தருகிறது: தேத்தண்ணியில் இடுவது மட்டுமே குற்றவாளி எனக் கருதப்பட, கோதுமை மா ரொட்டியின் மாச்சத்தும் குளுக்கோசாகவே முடிவது மறக்கப்படுகிறது. வெறுவயிற்றில் குருதிக் குளுக்கோசு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறுசோதனையும் அதனை உறுதிப்படுத்தினால் நோய் எனக் கொள்ளப்படும். அந்நிலை நெடுங்காலம் நீடிப்பின் விழித்திரையும் சிறுநீரகமும் சிதைவதோடு, கால் நரம்புகள் உணர்விழக்க, மலையில் கொழுந்து பறிப்பவரின் பாதத்துக் கீறல் வலி தெரியாமலேயே ஆழ்ந்த புண்ணாகலாம்.