மணி மண்டபமும் நூற்புக் கதிரும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் பூசை முடிந்ததும் மணி ஒலிக்கும். வழிநெடுக இருந்த மண்டபங்களில் அவ்வோசை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறி மதுரையை அடையும். அதைக் கேட்ட பின்னரே திருமலை நாயக்கர் (1623–1659) உணவருந்துவார் என்றொரு வழக்கு நம் பகுதியில் உண்டு. கட்டபொம்மனையும் திருச்செந்தூரையும் இணைத்தும் இதே கதை சொல்லப்படுகிறது. இதை வரலாறாகக் கொள்வதா, கதையாகக் கொள்வதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். 70 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அத்தொலைவில், இடையில் ஒரு மண்டபத்து ஆள் கண்ணயர்ந்தால் என்ன ஆகும்? பூசையில் குறையிராது, மடைப்பள்ளியில் சோறும் ஆயத்தமாக இருக்கும். ஆயினும் அரசர் பசித்திருப்பார்.

ஒரு நாட்டின் வான்வழிப் போக்குவரத்து முழுவதும் ஸ்தம்பிக்கும் நாள்களிலும் பெரும்பாலும் நடப்பது இதுதான். விமானங்களிலோ ஓடுபாதையிலோ குறை இராது. எந்த விமானம், எவ்வழியே, எந்நேரம் செல்லும் என்ற பயணத் திட்டச் செய்திதான் எங்கோ நின்றுபோயிருக்கும்.

2025 நவம்பர் 6 அன்று தில்லியில் பழுதுபட்டது அத்தகையதொரு மணி மண்டபமே. பயணத் திட்டங்களை உரியவர்களுக்குத் தானாகப் பிரித்தனுப்பும் செய்தி மாற்று அமைப்பு அது. அது முடங்கியதால் கட்டுப்பாட்டு அலுவலர்கள் திட்டங்களைக் கையாலேயே தயாரிக்க நேர்ந்தது. மறுநாள் எண்ணூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின.

மாற்று ஏற்பாடு இருந்தால் போதாதா என்று நாம் கேட்கலாம். அமெரிக்காவில் 2023 ஜனவரி 11 அன்று, விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்புகளைத் தரும் அமைப்பு நின்றது. முதன்மைத் தரவுத்தளத்தையும் அதன் மாற்றையும் ஒத்திசைக்கும் பணியில் ஒப்பந்தப் பணியாளர்கள் தவறுதலாகச் சில கோப்புகளை அழித்துவிட்டதே காரணம். நாடு முழுவதும் உள்நாட்டு விமானங்கள் புறப்படுவது அன்று காலை சற்று நேரம் நிறுத்தப்பட்டது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனில் நேர்ந்தது இன்னும் விந்தையானது. லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து பாரிஸ் செல்லும் விமானமொன்றின் திட்டத்தில் 'டி.வி.எல்.' என்ற ஒரே குறியீடு இரண்டு இடங்களைக் குறித்தது. ஒன்று அமெரிக்காவின் டெவில்ஸ் லேக், மற்றொன்று பிரான்சின் தோவில். குழம்பிய கணிப்பொறி, பிழையான தகவலைக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கு அனுப்பாமல் தன்னை நிறுத்திக்கொண்டது. உடனே பொறுப்பேற்ற மாற்றுக் கணிப்பொறியும் அதே மென்பொருளால், அதே திட்டத்தைப் படித்து, அவ்வாறே நின்றது. அன்று பொது விடுமுறை. அமைப்பை மறுபடி இயக்க வேண்டிய பொறியாளர் பணியிடம் வந்து சேரவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் அவதியுற்றனர்.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்திருக்கும் இராஜபாளையத்தில் இதற்கு நேர்மாறானதோர் ஏற்பாடு உண்டு. 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதலாக நூற்பாலைகளால் வளர்ந்த ஊர் அது. நூற்பு இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான கதிர்கள் ஒருசேரச் சுழலும். ஒரு கதிரில் நூல் அறுந்தால் தொழிலாளி வந்து அந்த இழையை மட்டும் ஒட்டுவார். மற்றவை நூற்றுக்கொண்டே இருக்கும். பிரிட்டனிலும் அந்த ஒரு திட்டத்தை மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டு ஏனையவற்றைத் தொடர்ந்திருந்தால் நாடு நின்றிருக்காது.

ஆனால் ஐயம் வந்தபோது நின்றதைக் குற்றமென்று மட்டும் சொல்லவும் இயலவில்லை. பொய்யாக ஒலிக்கும் மணியைவிட ஒலிக்காத மணி மேல். இந்நாள்களில் எந்த விமானமும் மோதவில்லை. நின்றபின் கைகொடுத்தவர்கள், தில்லியில் போலவே, பழைய முறையில் கையால் எழுதத் தெரிந்த மனிதர்கள்தாம். இயந்திரம் திறம்பட இயங்க இயங்க அப்பழக்கம் அருகிவிடும் என்பதே நம் கவலை. இழை அறுந்த கதிரைக் கண்டறியும் கண்ணும், ஒட்டத் தெரிந்த விரலும் ஆலைக்கு எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை வானுக்கும் உண்டு.