கிராமிசிடின்: ஒரு பெயரின் பூர்வீகம்

ஹைதராபாத் ஹப்சிகுடாவில், உப்பல் சாலையில் இருக்கும் சி.சி.எம்.பி. (செல், மூலக்கூறு உயிரியல் மையம்) ஆய்வகத்தில் அமிதாப சட்டோபாத்யாயின் குழு நெடுங்காலம் ஆராய்ந்த பொருள்களில் ஒன்று கிராமிசிடின். பதினைந்தே அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. செல்லின் கொழுப்புப் படலத்தை அயனிகள் எப்படிக் கடக்கின்றன என்று படிப்பவர்களுக்கு இதுதான் பாலபாடம். ஆனால் பெயரில் படலமும் இல்லை, அயனியும் இல்லை. ஒரு மனிதரும் ஒரு கொலையும்தான் இருக்கின்றன.

மனிதர், டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம். நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமிகளைக் கண்ணுக்குக் காட்ட ஒரு சாய முறையை 1884இல் வெளியிட்டார். ஊதாச் சாயத்தை விடாமல் பிடித்துக்கொண்ட கிருமிகள் பின்னாளில் 'கிராம் பாசிட்டிவ்' ஆயின.

கொலை, லத்தீன் தந்தது. வெட்டுதல், கொல்லுதல் என்று பொருள்படும் 'கேடெரே' அதன் வேர். 1939இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ரெனே டுபோ, பாசில்லஸ் பிரெவிஸ் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து ஒரு கிருமிக்கொல்லியை எடுத்தார். அதிலிருந்து பிரித்த பொருள் கிராம் பாசிட்டிவ் கிருமிகளைக் கொன்றது. பெயர் கிராமிசிடின் ஆயிற்று.

கொல்லும் விதம் துலங்க முப்பது ஆண்டுகள் பிடித்தன. படலத்தின் இரு புறமிருந்தும் இரண்டு மூலக்கூறுகள் வந்து தலையோடு தலை சேரும்போது ஒரு குழல் உண்டாகிறது. பிரிந்தால் வழி அடைபடும். குழலுக்குள் நீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் நிற்கின்றன. புரோட்டான் அதில் நீந்திச் செல்வதில்லை. ஒரு நீர் மூலக்கூறு ஒன்றை வாங்கிக்கொண்டு தன்னிடமிருந்த இன்னொன்றை அடுத்ததற்குக் கொடுக்கிறது. கிணற்றடியில் கைமாறும் குடம் போல. இந்தக் கைமாற்றை 1806லேயே வேதியியலாளர் கிரோட்டஸ் ஊகித்திருந்தார். புரோட்டானும் பொட்டாசியமும் கட்டுப்பாடின்றி ஓட, படலத்தின் மின்னழுத்தம் சரிந்து கிருமி மடிகிறது. நம் சிவப்பணுக்களையும் சிதைக்கும் என்பதால் இதை உள்ளுக்குக் கொடுப்பதில்லை. கண் சொட்டு மருந்து, களிம்பு ஆகியவற்றோடு சரி.

சங்கிலியின் 9, 11, 13, 15ஆம் இடங்களில் டிரிப்டோஃபான் இருக்கிறது. அதன் ஒளிர்வை அளந்து, கிராமிசிடின் எப்போது குழலாக நிற்கிறது, எப்போது வேறு வடிவில் முறுக்கிக் கிடக்கிறது என்று பிரித்தறிய ஹப்சிகுடா ஆய்வகம் வழி காட்டியது. அருமையான வேலை.

கிராமிசிடினைப் போலவே புரோட்டானைக் கடத்தும், நம் வெள்ளணுக்களில் உள்ள புரோட்டான் வாயிலுக்கோ 2006இல்தான் பெயர் கிடைத்தது. அமெரிக்கக் குழு 'எச்வி1' என்றது: எச் புரோட்டான், வி மின்னழுத்தம். ஜப்பானியக் குழு, மின்னழுத்தத்தை உணரும் பகுதி மட்டுமே கொண்ட புரதம் என்ற பொருளில் 'விசாப்' என்றது. வேறு கால்வாய்களில் உணரும் பகுதி ஒன்று, துளை இன்னொன்று; இதில் உணரும் பகுதியே வழியும் ஆகிறது. கிருமியைத் தாக்கும் வெள்ளணு எலெக்ட்ரான்களை வெளியே தள்ள, மின்னழுத்தம் மாறுகிறது. வாயில் திறந்து புரோட்டான்கள் பின்தொடர்ந்து வெளியேறுகின்றன. செய்யும் வேலையைச் சொல்லும் இந்தப் பெயர்களே சிறந்தவை என்பேன்.

கிராமிசிடின் என்ற பெயரில் ஒரு குழப்பமும் உண்டு. 'கிராமிசிடின் டி' டுபோவினுடையது. 1942இல் காவுஸேவும் பிராஷ்னிகோவாவும் கண்ட 'கிராமிசிடின் எஸ்' சோவியத்தைச் சேர்ந்தது. பத்து அமினோ அமிலங்களாலான வளையம். மாணவர்கள் பெயருக்குப் பின்னுள்ள எழுத்தைப் பார்க்காமல் படிக்க வேண்டாம்: எஸ் என்றிருந்தால் அது குழல் அமைக்காது.