பருவம் மாறிய மண்ணில் விழா

தமிழர்தம் விழாக்கள் பருவத்தின் மடியில் பிறந்தவை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்த தொல்காப்பியர் மரபில், ஆண்டு ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கப்பெற்றது. மார்கழியும் தையும் முன்பனிக்குரிய திங்கள் என்பர் உரையாசிரியர். மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் விளைந்த சம்பா நெல் களத்துக்கு வரும் காலத்தில்தான் நம் முற்றத்துப் பானையும் பொங்குகிறது. ஆகவே தைத்திங்கள் முதல்நாள் என்பது நாட்காட்டியிலுள்ள வெறும் எண்ணன்று. மண்ணும் வானும் உழவரோடு செய்துகொண்ட உடன்படிக்கை எனலாம். இவ்வுடன்படிக்கை செல்லாத நிலத்தில் தமிழர் குடியேறினால், அவர்தம் விழா என்னாகும்?

ஆஸ்திரேலியத் தமிழர் வாழ்வு இவ்வினாவுக்கு விடை தருகிறது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அமைந்த அந்நாட்டில் ஜனவரி கடுங்கோடை. நாம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் ஆடியில் அங்கே குளிர்காலம். தீபாவளியோ அவர்க்கு இளவேனிலில் வருகிறது. பொங்கலன்று சிட்னியிலும் மெல்போர்னிலும் பானை வைப்போர் பெரும்பாலும் உழவரல்லர், அலுவலகம் செல்வோர். விழா வேலைநாளில் வருமாயின், பொதுக்கூடுகை அடுத்த சனி, ஞாயிறுக்குத் தள்ளிப்போகும். பள்ளி மண்டபமும் பூங்காவும் களமாகும். பருவம், நாள், நிலம் மூன்றும் நழுவிய பின்னும் விழா நிற்கிறதென்றால், அது எதனைப் பற்றி நிற்கிறது? கூடும் மனிதரைப் பற்றியே நிற்கிறது. யார் வந்தார், யார் வரவில்லை என்று எண்ணிப் பார்க்கும் கண்கள் உள்ளவரை விழாவுக்கு அழிவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அந்நாட்டின் வாயில் தமிழர்க்கு எளிதில் திறந்ததன்று. 1901-ஆம் ஆண்டுக் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம், வேண்டாதவரை விலக்க ஒரு தேர்வினை வைத்தது. ஐரோப்பிய மொழியொன்றில் 50 சொற்கள் கொண்ட பகுதியை அதிகாரி சொல்ல, வந்தவர் பிழையின்றி எழுத வேண்டும். எம்மொழி என்பதையும் அதிகாரியே தேர்ந்தார். மொழியறிவை அளக்க வந்ததன்று அது. நிறத்தைப் பார்த்து மூடப்பெற்ற கதவு. 1958-இல் அத்தேர்வு நீக்கப்பெற்றது. 1973-இல் விட்லம் அரசு குடியேற்றக் கொள்கையில் எஞ்சியிருந்த நிறவேற்றுமையையும் அகற்றியது. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்மீது நிகழ்ந்த கொடுமைக்குப் பின், ஈழத்தமிழர் பலர் அங்குப் புகலிடம் நாடினர். 1985-இல் சிட்னிக்குத் தெற்கே எலன்ஸ்பர்க்கில் வேங்கடேசுவரர் கோயில் குடமுழுக்குக் கண்டது. வாரஇறுதித் தமிழ்ப் பள்ளிகள் வளர்ந்தன. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழ் பேசுவோர் அங்கே ஏறத்தாழ 95,000 பேர்.

எனினும், விழாவின் உட்பொருளை உணர்த்தும் நிகழ்ச்சி பெருநகரில் நிகழ்ந்ததன்று. குயின்ஸ்லாந்து மாநிலத்தில், மாட்டுப் பண்ணைகளும் நிலக்கரிச் சுரங்கமும் சூழ்ந்த சிற்றூர் பிலோயெலா. மக்கள்தொகை ஏறத்தாழ ஆறாயிரம். 2012-இலும் 2013-இலும் தனித்தனியே படகேறி வந்த ஈழத்தமிழரான நடேசலிங்கமும் பிரியாவும் ஆஸ்திரேலியாவில் மணம்புரிந்து இவ்வூரில் குடியமர்ந்தனர். கணவர் இறைச்சி ஆலையில் உழைத்தார். பெண்மக்கள் இருவர் அம்மண்ணிலேயே பிறந்தனர். 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலை, விசாக் காலம் முடிந்ததெனக் கூறி, அதிகாரிகள் நால்வரையும் கொண்டுசென்றனர். இளைய குழந்தைக்கு அப்போது ஒன்பது மாதம்.

அவர்தம் புகலிடக் கோரிக்கையைத் தீர்ப்பாயங்களும் நீதிமன்றங்களும் ஏற்கவில்லை. 2019 ஆகஸ்டில் நாடுகடத்த விமானம் புறப்பட்டது. நள்ளிரவில் நீதிபதி பிறப்பித்த தடையாணையால் அது டார்வினில் இறங்கியது. பின்னர் கிறிஸ்துமஸ் தீவில் ஏறத்தாழ ஈராண்டுக் காவல். 2021 ஜூனில் இளைய மகள் கடும் நோயுற்றுப் பெர்த் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பெற்ற பிறகே தீவுவாசம் முடிந்தது.

இக்காலமெல்லாம் பிலோயெலா மக்கள் வாளாவிருக்கவில்லை. தமிழ் அறியாத அவ்வூரார், தம் ஊர்க் குடும்பம் ஒன்று காணவில்லை என்றே பேசினர், கையொப்பம் திரட்டினர், தலைநகருக்கும் குரலனுப்பினர். 2022 மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறியது. ஊர் திரும்ப இசைவு கிட்டியது. ஜூன் 10 அன்று குடும்பம் வந்திறங்கியது. மறுநாள் அவ்வூரில் பல பண்பாட்டினர் கூடும் விழா. அதில் இக்குடும்பமும் கலந்துகொண்டது. அதற்கு மறுநாள் இளைய மகளுக்கு ஐந்தாம் பிறந்தநாள். காவலுக்கு வெளியே அக்குழந்தை கண்ட முதற் பிறந்தநாள் அதுவே. நம் ஊரில் வைகாசி வெயில் தணியாத அந்நாளில், அங்கே குளிர்காலம் தொடங்கியிருந்தது. ஆகஸ்டில் நிலையான குடியிருப்புரிமை வழங்கப்பெற்றது.

கவிஞர்கள் எண்ணிப் பார்த்தற்குரிய செய்தி ஒன்று இங்குண்டு. நம் அகமரபு பிரிவைப் பெரிதும் பாடிற்று. பிரிந்து சென்றவன் துயரும், இருந்து வருந்தும் தலைவியின் துயரும் அதில் உண்டு. தாயின் ஆற்றாமையும் உண்டு. உறவோ மொழியோ இல்லாத ஓர் ஊர், அயலாரின் பிரிவுக்கு ஆற்றாது வருந்துவது புதிய துறை. இதற்குப் பெயரிடும் கடன் இன்றைய கவிஞருடையது.

இது நமக்கு முற்றிலும் அயலான செய்தியுமன்று. ஏரிகாத்த இராமர் கதையில் கும்பினிக் கலெக்டர் லியோனல் பிளேஸ் இன்றும் வாழ்கிறார். மழைவெள்ளத்தில் ஏரிக்கரை உடையுமோ என அஞ்சி நின்றவர் என்பதால், கடல்கடந்து வந்த அவ்வெள்ளையரையும் மதுராந்தகம் தன் தலபுராணத்துக்குள் சேர்த்துக்கொண்டது. அவர் ஆட்சியதிகாரத்தோடு வந்தவர். அதிகாரம் ஏதுமின்றி வந்தோரை நாம் எங்ஙனம் சேர்த்துக்கொண்டோம்?

1983-க்குப் பின் கடல்கடந்து தமிழகம் வந்த ஈழத்தமிழர்க்கு நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் அமைந்தன. 2021 ஆகஸ்டில் அவை மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர்மாற்றம் பெற்றன. அங்குப் பிறந்து வளர்ந்த தலைமுறை நம் தமிழையே பேசுகிறது. நம் தைத்திங்களிலேயே பொங்கல் வைக்கிறது. அவர்க்குப் பருவமும் மாறவில்லை, மொழியும் மாறவில்லை. உரிமை மட்டும் எட்டவில்லை. பிறப்பினால் மட்டுமே குடியுரிமை என்னும் நெறியை ஆஸ்திரேலியாவும் இந்தியாவும் ஒரே ஆண்டில், 1986-இல், சட்டத் திருத்தத்தால் மாற்றிக்கொண்டன. பிலோயெலாவில் பிறந்த குழந்தைகளும் தமிழக முகாம்களில் பிறந்த குழந்தைகளும் பிறந்த மண்ணில் அயலாரானமைக்கு இதுவே அடிப்படை.

சட்டம் ஒன்றாயினும் ஊரின் செயல் வேறுபட்டது. அங்கே நால்வர் இல்லாமையை ஓர் ஊர் நான்காண்டு எண்ணிக்கொண்டிருந்தது. இங்கே நாற்பதாண்டாக நம் அருகிலேயே இருப்போரை நம் விழாப் பந்தலில் எண்ணியவர் சிலரே. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம், வருங்கால அரங்குகளில் முகாம் வாழ் கவிஞர்க்கும் ஓர் இருக்கை இடுமாயின், அதுவே இவ்வரலாற்றுக்கு நாம் எழுதும் தக்க உரையாகும்.